கிணற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததுண்டா?

2 ஜூன் 2024 (இந்த இணைய இழையைத் தொடங்கிய கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி)

என் மகள் பி.எஸ்சி. நிலவியல் முடித்திருக்கிறாள். மேலே படித்தால் தண்ணீர், காலநிலை என்றுதான் படிப்பாளாம். எனக்கு இரண்டு கேள்வி. இதைப் படித்தால் வேலை உண்டா? அது ஒன்று. இன்னொன்று, 20 வருடமாக எங்கள் ஊருக்கு யார் யாரோ வருகிறார்கள். போர்வெல்லில் தண்ணீர் பிடிக்கிறார்கள், வயலில் மண் எடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து இன்னதுதான் இருக்கிறது என்று சொன்னதில்லை. என் மகளும் அப்படி ஒருத்தியாக ஆவதற்கா நான் படிக்கவைப்பது?

2 ஜூன், இரவு

அண்ணே, அப்படித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். 2009ல் தலைஞாயிறு, கீழையூர் பக்கம் 42 கிணறுகளில் மாதிரி எடுத்தேன். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தங்கியிருந்த பழைய தண்ணீர் போனபிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடவேண்டும். மேலே ஒட்டும் சீட்டில் பென்சிலால் எழுதவேண்டும், பேனா மை கரைந்துவிடும். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு அம்மா மோர் கொடுத்து, "இந்தத் தண்ணியக் குடிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். "பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். அந்தக் கிணற்றின் உப்பு அளவு 4,600 மைக்ரோசீமென்ஸ் (தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து உப்பைக் கணிக்கும் அளவு). ஆய்வேட்டில் அட்டவணையில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. 15 வருடம் ஆகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான். முதல் கேள்விக்கு நாளை எழுதுகிறேன்.

3 ஜூன்

வேலை. நிலவியல் படித்தவருக்கு நேர்வழி, யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. அதில் தேறினால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நீர்நிலவியல் விஞ்ஞானியாகப் போகலாம். இடங்கள் குறைவு, ஆனால் நிலையான வேலை. மாநில நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும், அது வேறு பாதை. ஆராய்ச்சிக்குப் போவதென்றால் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கவேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வாடகைப்படி தனி.

காகிதத்தில் இருப்பது இது. கைக்கு வருவது வேறு. நான் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தபோது ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. கும்பகோணத்தில் அறை எடுத்திருந்தேன். மெஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போட்டார். பணம் மொத்தமாக வந்த அன்று முதலில் அவர் கடனைத்தான் அடைத்தேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் நாலைந்து வருடம், வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான். பெண் பிள்ளை என்பதால் வீட்டில் கல்யாணப் பேச்சு சரியாக அந்த வருடங்களில்தான் வரும். அதற்கு நீங்கள் இப்போதே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் அண்ணே. அவளுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும்.

5 ஜூன்

மயிலாடுதுறைத் தம்பி ஒருவர் கேட்கிறார்: "நான் மெக்கானிக்கல். எனக்கெல்லாம் இந்தப் பக்கம் இடம் உண்டா?"

உண்டு. காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965ல் பொறியியல் முடித்தவர். படிப்பு முடிந்து செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலை. பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அப்புறம் அமெரிக்கா போய்க் கோள்களின் காற்றுமண்டலத்தைப் படித்தார். 1975ல் ஒரு கட்டுரையில், அதே குளோரோபுளோரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் 10,000 மூலக்கூறு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று காட்டினார். அதுவரை உலகம் சூடாவது என்றால் கரியமில வாயு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். பின்னாளில் அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் சேர்ந்து தெற்காசியாவின் மேல் மூடும் பழுப்பு மேகத்தை ஆராய்ந்தார். அந்தப் புகையும் வெப்ப வாயுக்களும் இந்திய நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன என்று 2006ல் வந்த ஆய்விலும் அவர் பங்கு உண்டு. கசிவு பார்த்த கை, கடைசியில் நம் நெல்லுக்கு வந்து சேர்ந்தது.

6 ஜூன்

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் வானிலை விஞ்ஞானி அன்னா மணி நினைவு வந்தது. அண்ணன் மகள் இவரை அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். 1918ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். ஆய்வேடு முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. இயற்பியல் படிக்கத்தான் இங்கிலாந்து போக நினைத்தார். கிடைத்ததோ வானிலைக் கருவிகளுக்கான உதவித்தொகை. போனார். 1948ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி, காற்றுமானி என்று 100 வகைக் கருவிகள்வரை இந்தியாவிலேயே செய்ய வரைபடம் தயாரித்துத் தரப்படுத்தினார். தப்பான அளவு, அளவே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உங்கள் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் மழைமானி இருந்தால் ஒருநாள் மகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

12 ஜூன்

பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள், ஆனால் இன்று மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. திறக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. போர் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவை நாற்று விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

நமக்கு ஒரு வானம் இல்லை, இரண்டு. ஆடி முடியும்வரை குடகின் வானம், ஐப்பசிக்கு மேல் நம் தலைக்கு மேல் இருக்கும் வானம். காலநிலை ஆராய்ச்சி செய்பவர்களுக்கு டெல்டா அதனால்தான் இவ்வளவு முக்கியம். எல் நினோ (பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் குடகில் தென்மேற்குப் பருவமழை பொய்க்க வாய்ப்பு அதிகம். அதே எல் நினோ நமக்கு வடகிழக்கு மழையைப் பெரும்பாலும் கூட்டிக் கொடுக்கும். போன வருடம் பார்த்தோமே. 2023 ஆகஸ்டில் மழை இல்லை, குறுவை காய்ந்தது, அக்டோபர் 10ல் மேட்டூரை மூடினார்கள். டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2016ல் நமக்கு வடகிழக்குப் பருவத்தில் வழக்கமான மழையில் பாதிகூட இல்லை. அந்தப் பருவத்தில் எல் நினோ இல்லை. வரப்பிலேயே மாரடைப்பு வந்து விழுந்த விவசாயிகளின் ஊர்களுக்கு அப்போது போயிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது.

12 ஜூன், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, நல்ல விஷயம் ஒன்றும் எழுதுகிறேன்.

கடலுக்கும் மழைக்கும் உள்ள இந்த உறவின் நூலைப் பிடித்துக் கொடுத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904ல் இந்திய வானிலைத் துறைத் தலைவராக வந்தபோது அவர் வானிலை படித்தவரே இல்லை, கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். பஞ்சங்களுக்குப் பிறகு, பருவமழையை முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயத்தில் அவரைக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்க அழுத்தக் கணக்குகளை வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு ஊசலாட்டம் தெரிந்தது. பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், அங்கே இறங்கினால் இங்கே ஏறும். தென் அலைவு என்று பெயர் வைத்தார். அதற்கும் எல் நினோவுக்கும் உள்ள முடிச்சை வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் 1969ல்தான் அவிழ்த்தார்.

1913ல் வாக்கர் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு வந்தபோது, அங்கே மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்கு நோட்டை அவரிடம் காட்டினார்கள். இவரை ஆராய்ச்சி செய்ய விடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வாக்கர் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வாக்கரின் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

20 ஜூன்

உப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போரை இறக்க இறக்க உப்பு ஏன் கூடுகிறது?

நன்னீர் உப்புநீரைவிட லேசு. அதனால் கடலோரத்தில் மண்ணுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கய்பன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டது இது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால், கீழே 40 அடி உப்பு ஏறிவரும். அன்றே வராது, மெல்ல வரும். வந்தபின் கீழே இறக்குவதற்கு எத்தனையோ மழைக்காலம் ஆகும். ஆகவே நம் பக்கத்தில் உப்பு வந்தது என்றால் கடல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

22 ஜூன்

முந்தாநாள் கடைசி வரியைத் திருத்துகிறேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

உப்பெல்லாம் இன்றைய கடல் இல்லை. நம் டெல்டாவின் கீழ்ப்பகுதி ஒருகாலத்தில் கடலாகவும் கழியாகவும் இருந்த இடம். அப்போது களிமண்ணுக்கிடையில் சிக்கிய பழைய உப்புநீர் இன்னும் அங்கேயே கிடக்கிறது. இறால் பண்ணையிலிருந்து இறங்கும் உப்பு உண்டு. வயலில் ஆவியாகி மிஞ்சும் உப்பும் உண்டு. நாக்குக்கு எல்லாம் ஒரே கரிப்புதான். புரோமைடுக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம், ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்கள்), கரிம வயது (நீரில் உள்ள கரிமத்தை வைத்துக் கணிக்கும் வயது) இவற்றை வைத்துத்தான் பிரிக்கமுடியும். புது உப்பு என்றால் இறைப்பைக் குறைக்கவேண்டும். பழைய உப்பு என்றால் அந்த அடுக்கைத் தொடாமல் குழாயை அடைத்து வேறு ஆழத்தில் எடுக்கவேண்டும். வைத்தியம் வேறு வேறு. நீர்நிலவியலில் உங்கள் மகளுக்கு நம் ஊரிலேயே வாழ்நாள் முழுக்க வேலை இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

களிமண் அடுக்குக்கு வெகு கீழே நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊர்களும் உண்டு. ஆழம் என்றாலே உப்பு என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

29 ஜூன்

"நிலத்தடி நீரை அளந்து என்ன ஆகப்போகிறது, ஆற்றில் தண்ணீர் வந்தால் போதாதா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அளந்தது என்ன ஆகும் என்பதற்குக் காவிரியிலேயே சாட்சி இருக்கிறது. 2007 நடுவர் மன்றத் தீர்ப்பில், எல்லையில் ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியது 192 டிஎம்சி. 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75ல் 4.75 பெங்களூருக்கு. மீதி 10 டிஎம்சி, டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் குறைந்தது.

அதாவது நம் காலடியில் இருக்கும் தண்ணீருக்கு ஒரு எண் போட்டு, அதை ஆற்று நீரிலிருந்து கழித்தார்கள். அந்தத் தண்ணீரில் எவ்வளவு தித்திப்பு, எவ்வளவு கரிப்பு, எந்த ஊரில் எந்த ஆழத்தில் என்பதை ஒவ்வொரு வருடமும் அளந்து கையில் வைத்திருக்கவேண்டியது யார்? என் 42 கிணற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு கோடைக்கு அளந்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டேன். மறு வருடம் அதே கிணற்றுக்குப் போக யாரும் பணம் தரவில்லை. புதுக் கிணறு என்றால் புதுக் கட்டுரை, பழைய கிணறு என்றால் பழைய கதை என்பதுதான் எங்கள் துறையின் கணக்கு. அந்தக் கணக்குத் தப்பு.

7 ஜூலை

நெல் வயல்தான் உலகத்தைச் சூடாக்குகிறதாமே என்று கோபமாக ஒரு பதிவு. கோபம் நியாயம். ஆனால் அறிவியல் முழுப் பொய் இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அது நெல் தண்டின் உள்துளை வழியாகவே மேலே வந்துவிடும். எவ்வளவு என்பதில்தான் சண்டை. இந்திய வயல்களிலிருந்து வருடம் சுமார் 38 மில்லியன் டன் என்று அமெரிக்கப் பக்கம் ஒரு மதிப்பீடு சொன்னது. இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991ல் இந்திய விஞ்ஞானிகள் வயலில் இறங்கி, பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்தது சுமார் 4 மில்லியன் டன். உலகப் பேச்சுவார்த்தையில் நம் பேச்சு நின்றது அந்தப் பெட்டிகளால்.

மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறார்கள். ஓர் அடி நீளத் துளையிட்ட பிவிசி குழாய், பாதி மண்ணுக்குள். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்சவேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. என் கூடப்பிறந்த அண்ணன் வயலில் நானே வைத்தேன். போர்த் தண்ணீரில் நன்றாக வந்தது, மோட்டார் ஓடும் நேரம் குறைந்தது. ஆனால் கடைமடையில் முறைப் பாசனத்தில் இருப்பவரிடம் போய் வயலைக் காயப்போடு என்றால் அவர் கேட்பார்: "அடுத்த முறை தண்ணி வரும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" கார்த்திகை மழையில் வடியவைக்கவே வழியில்லை, அப்புறம் எங்கே காயப்போடுவது. இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் ஆராய்ச்சிதான் நமக்கு வேண்டும்.

14 ஜூலை

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு (கடலோரச் சதுப்புநிலக் காடு) சுனாமியைத் தடுக்குமா என்று கேட்டவருக்கு. 2004 சுனாமியில் அலையாத்திக் காடு ஊர்களைக் காத்தது என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 18 குப்பங்களின் விவரத்தோடு எழுதினார்கள். நானும் கூட்டங்களில் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அதே விவரத்தை வேறு சிலர் மறுபடி கணக்கிட்டு, ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்றார்கள். இரண்டையும் படித்தபின், காடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. மீனுக்கும் நண்டுக்கும் மண்ணுக்கும் அது வேண்டும். சுனாமியை நிறுத்தும் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தேங்கிய உப்பை அலைநீரால் கழுவிக் காட்டைத் திரும்ப வளர்த்தார்களே, அது கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய நிறுவனம் செய்தது.

30 ஜூலை

முந்தாநாள் மேட்டூர் திறந்தார்கள். இன்று அணை 120 அடி. ஜூன் 12ல் இல்லை, ஜூலை கடைசியில் நிரம்பி வழிகிறது. இனி உபரி கொள்ளிடத்தில் கடலுக்குத்தான் போகும். ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டும். சரி, சம்பாவுக்காவது ஆயிற்று.

முதலில் கேள்வி கேட்ட அண்ணன் தனியாக எழுதியிருந்தார். மகள் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு, "அந்த அம்மா கிணறு இப்போ எப்படி இருக்குன்னு அவரு போய்ப் பாத்தாராப்பா?" என்று கேட்டாளாம். போகவில்லை. இரண்டு மாதமாக எழுதிக்கொண்டு மட்டும் இருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வேறு வேலை, அதற்கடுத்த சனிக்கிழமை போகிறேன். நீங்களும் வாருங்கள்.

11 ஆகஸ்ட்

நேற்று போனோம். நான், அண்ணன், அவர் மகள். பழைய களநோட்டும் மீட்டரும் கையில்.

அந்த அம்மா இருக்கிறார். என்னை நினைவில்லை, பாட்டில் பிடித்தது நினைவிருக்கிறது. குடிக்க இப்போது கொள்ளிடம் கூட்டுக்குடிநீர் வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன்: "4,600 இருந்துச்சும்மா. குடிக்கக் கூடாத அளவு. அப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

"அது எங்களுக்குத் தெரியுமே தம்பி. அந்தத் தண்ணியில பருப்பே வேகாது. குடிக்கலாமான்னு நான் எதுக்குக் கேக்கப்போறேன்? எத்தன அடியில நல்ல தண்ணி நிக்குதுன்னுல்ல கேட்டேன்."

நோட்டைப் பிரித்தேன். 17ஆம் கிணறு. ஓரத்தில் என் கையெழுத்திலேயே, பென்சிலில், "ஆழம்?" என்று இருக்கிறது. குடிக்கலாமா என்று அவர் கேட்டதாக 15 வருடம் நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கேட்டதற்கு என் அட்டவணையில் பதிலே கிடையாது. ஆழம் என்ற பத்தியில் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அண்ணன் மகள் பேசாமல் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள். அங்கே 25 அடியில் ஒரு கைபம்பு இன்னும் அடிக்கிறது. 1,350. இந்த வீட்டுப் போர் 60 அடி. 4,900. நன்னீர் மேலே மெல்லிசாக நிற்பதுபோல் தெரிகிறது. அந்த அம்மாவின் மகன் கோடையில் போரை 100 அடிக்கு இறக்க ஆள் பார்த்திருந்தாராம். இரண்டு கிணற்றை வைத்து முடிவாக எதுவும் சொல்லமாட்டேன், மழை முடிந்து தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இறக்கவேண்டாம் என்றேன். இந்த முறை தேதியையும் சொல்லிவிட்டு வந்தேன்.

மோட்டார் கொட்டகைச் சுவரில் ஏற்கெனவே உழவு, நடவு, கூலிக் கணக்கெல்லாம் கரியால் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பெண் எழுதினாள்: 10.8.24, 25 அடி 1,350, 60 அடி 4,900.

அந்த அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மேல ஏத்தி எழுதும்மா, கீழ எடம் வேணும்ல" என்றார்.